நூற்றுக்கு மூன்று!

ஆண்டுதோறும் பிப்ரவரித் திங்களிலே டில்லி நாடாளுமன்றத்தில் நிதியமைச்சர் எழுந்து நின்று பட்ஜெட் படிக்கிறார். எத்தனையோ திட்டங்கள், எத்தனையோ கோடிகள், இடையிடையே மேசை தட்டும் ஓசை! ஆனால் மறுநாள் காலையில் வணிக ஏடுகளைப் பிரித்துப் பாருங்கள். அத்தனை பேச்சையும் ஒதுக்கித் தள்ளிவிட்டு ஒரே ஒரு எண்ணைத்தான் கொட்டை எழுத்திலே போட்டிருப்பார்கள். நிதிப் பற்றாக்குறை இத்தனை சதவிகிதம்! எண் குறைந்திருந்தால் கட்டுப்பாடான சர்க்கார் என்று பாராட்டு. கூடியிருந்தால் ஊதாரி சர்க்கார் என்று ஏச்சு. பங்குச் சந்தைக்காரர் அந்த எண்ணைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்; அந்த எண்ணைப் பார்த்துத்தான் முகம் சுளிக்கிறார்.

ஆலையிலே தறி ஓட்டுகிறவனுக்கும், துறைமுகத்திலே மூட்டை சுமக்கிறவனுக்கும் இந்த எண்ணுக்கும் என்ன உறவு என்று தோழர்கள் கேட்கக்கூடும். உறவு உண்டு. உங்கள் ஊர் மருத்துவமனைக்கு இரண்டாவது டாக்டர் வருவாரா, மாட்டாரா? உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியிலே காலியான ஆசிரியர் இடம் நிரப்பப்படுமா, படாதா? கோப்பு மேலே போகிறது, "நிதி நிலைமை இடம் தரவில்லை" என்று குறிப்பெழுதிக் கொண்டு கீழே வருகிறது. அந்தக் குறிப்புக்குப் பின்னாலே நிற்பது இந்த எண்தான். ஆகவே இதைப் பண்டிதர்களிடம் விட்டுவிட்டு நாம் வேறு வேலை பார்க்க முடியாது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 2025-26ஆம் ஆண்டுக்காக 2025 பிப்ரவரி 1ஆம் நாள் டில்லி வைத்த பட்ஜெட்டை எடுத்துக் கொள்வோம். செலவு 50.65 இலட்சம் கோடி ரூபாய். கடன் நீங்கலான வரவு 34.96 இலட்சம் கோடி ரூபாய். இடைவெளி ஏறத்தாழ 15.69 இலட்சம் கோடி. இந்த இடைவெளிதான் நிதிப் பற்றாக்குறை. கடன் வாங்கித்தான் இதை அடைக்க வேண்டும். இந்த 15.69 இலட்சம் கோடியை, அந்த ஆண்டில் இந்தியா முழுவதும் உழைத்து உண்டாக்கும் என்று மதிப்பிட்ட மொத்த உற்பத்தியோடு, அதாவது ஏறத்தாழ 357 இலட்சம் கோடியோடு ஒப்பிட்டால், நூற்றுக்கு 4.4 வருகிறது. ஏடுகள் தலைப்பிலே போட்டது இந்த 4.4ஐத்தான்.

ஏன் மொத்த உற்பத்தியோடு ஒப்பிடுகிறார்கள்? அதிலே நியாயம் இருக்கிறது. ஆயிரம் ரூபாய்க் கடன் கூலிக்காரனுக்குப் பாறாங்கல். ஆலை முதலாளிக்கு அது ஒரு நாள் காப்பிச் செலவு. கடனின் பளுவை அறிய, தாங்குகிறவனின் தோளையும் அளக்க வேண்டும் அல்லவா? அந்த வகையில் இந்த அளவுகோல் சரியானதே.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 357 இலட்சம் கோடி என்பது நாட்டின் உற்பத்தி. சர்க்காரின் வருமானம் அல்ல. உழவன் விளைவித்த நெல்லும், நெசவாளி நெய்த வேட்டியும், டாட்டா உருக்கிய இரும்பும் எல்லாம் சேர்ந்த தொகை அது. சர்க்காரின் கைக்கு வருவது 34.96 இலட்சம் கோடி மட்டுமே. அதோடு ஒப்பிட்டால் கதை வேறு! நூறு ரூபாய் வரவு உள்ள வீட்டிலே 45 ரூபாய் கடன் வாங்குகிறார்கள் என்று பொருள். பழைய கடனுக்கு வட்டி மட்டும் அந்த ஆண்டில் 12.76 இலட்சம் கோடி. அதாவது நூறு ரூபாய் வரவிலே 36 ரூபாய்க்கு மேல் வட்டிக்கே போய்விடுகிறது! 4.4 என்று சொன்னால் கடுகளவாகத் தெரிகிறது. 45 என்று சொன்னால் திடுக்கிட வைக்கிறது. இரண்டும் ஒரே கடன்தான். எந்த எண்ணைத் தலைப்பிலே போடுவது என்பதிலும் அரசியல் உண்டு.

கடன் வாங்குவதே பாவம் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிறவர்கள் உண்டு. வீட்டுக் கணக்கையும் நாட்டுக் கணக்கையும் ஒன்றாக்கிப் பேசி, வரவுக்குள் செலவு செய்யத் தெரியாதா என்று கேட்பார்கள். விதைப்புக் காலத்திலே கடன் வாங்காத உழவன் யார்? அணையும், ரயில் பாதையும், மின் நிலையமும் நாளைய தலைமுறையும் அனுபவிக்கும் பொருள்கள். அவற்றின் செலவிலே ஒரு பகுதியை நாளைய தலைமுறை ஏற்பது முறையே. 2020ஆம் ஆண்டு கொரோனா நோய் பரவி ஆலைகள் மூடிக்கிடந்த காலத்திலே டில்லி சர்க்கார் கடன் வாங்கிச் செலவு செய்யாமல் இருந்திருந்தால், இலட்சக்கணக்கான குடும்பங்கள் இன்னும் மோசமான நிலைக்குப் போயிருக்கும். அந்த ஆண்டின் பற்றாக்குறை 9.2 சதவிகிதம். அதற்காக நாம் டில்லியைக் குறை சொல்லப் போவதில்லை.

நம் கேள்வி வேறு. எல்லை என்று ஒன்றைப் போடுகிறார்களே, நூற்றுக்கு மூன்று என்று, அந்த மூன்று எங்கிருந்து வந்தது? யார் கண்டுபிடித்தார்? எந்த ஆராய்ச்சிச் சாலையிலே நிறுத்துப் பார்த்தார்கள்? காரணம் கேட்காமல் எதையும் கும்பிடுகிற பழக்கம் நமக்கு இல்லை. ஆகவே கேட்டுப் பார்ப்போம்.

பிரான்சு நாட்டிலே 1981ஆம் ஆண்டு மித்தரான் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். புதிய ஆட்சி. ஒவ்வோர் அமைச்சரும் தம் துறைக்குப் பணம் கேட்டுக் கதவைத் தட்டுகிறார். தட்டுகிறவர்களைத் தடுத்து நிறுத்த எளிய விதி ஒன்று வேண்டும் என்று பட்ஜெட் இலாகாவுக்கு மேலிடத்து உத்தரவு வந்தது. இலாகாவிலே இருந்த கீ அபேய் என்ற இளம் அதிகாரியும் அவருடைய சக அதிகாரி ஒருவரும் அமர்ந்து யோசித்தார்கள். பற்றாக்குறையோ பத்தாயிரம் கோடி பிராங்கை நெருங்கிக் கொண்டிருந்தது. அதைத் தேச உற்பத்தியால் வகுத்தார்கள். ஒன்று என்று சொன்னால் எட்டவே முடியாது. இரண்டு என்றால் கழுத்தை இறுக்கும். மூன்று என்றால் நன்றாக இருக்கிறது, நினைவிலும் நிற்கிறது! மூன்று என்று எழுதிக் கொடுத்தார்கள். அதன் பின்னே பொருளாதாரத் தத்துவம் எதுவும் இல்லை என்பதை அந்த அபேய் அவர்களே பின்னாளில் பத்திரிகைகளுக்கு ஒளிவு மறைவின்றிச் சொல்லியிருக்கிறார்.

ஒரு மாலைப் பொழுதின் தேவைக்காகப் பிறந்த எண்! அது வளர்ந்தது, எல்லை தாண்டிற்று. 1992 பிப்ரவரி 7ஆம் நாள் மாஸ்ட்ரிக்ட் என்ற ஊரிலே ஐரோப்பிய நாடுகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பொது நாணயத்தில் சேர விரும்பும் நாடு ஆண்டுப் பற்றாக்குறையை நூற்றுக்கு மூன்றுக்குள்ளும், மொத்தக் கடனை நூற்றுக்கு அறுபதுக்குள்ளும் வைத்துக் கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. பிறகு பண்டிதர்கள் வந்து விளக்கம் சொன்னார்கள். பொருளாதாரம் ஆண்டுக்கு ஐந்து சதவிகிதம் பெருகினால், மூன்று சதவிகிதப் பற்றாக்குறை கடனை அறுபதிலே நிறுத்தி வைக்கும் என்று கூட்டிக் கழித்துக் காட்டினார்கள். கணக்கு சரிதான். ஆனால் ஏன் அறுபது? அன்று அந்த நாடுகளின் சராசரிக் கடன் ஏறத்தாழ அறுபதாக இருந்தது, அவ்வளவுதான்! ஐந்து சதவிகித வளர்ச்சி இல்லாமற் போனால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அந்தக் கணக்கிலே இடமில்லை.

சரி, விதி என்று வந்துவிட்டது. எல்லோருக்கும் பொதுவாக நடத்தினார்களா? 2002ஆம் ஆண்டு போர்ச்சுகல் வரம்பைத் தாண்டியதாக நடவடிக்கைக்கு ஆளாயிற்று. சிறிய நாடு. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் செலவைக் குறைத்தது. அடுத்த ஆண்டு வரம்பைத் தாண்டி நின்றவர்கள் யார்? ஜெர்மனியும் பிரான்சும்! எந்தப் பிரான்சிலே மூன்று பிறந்ததோ, அந்தப் பிரான்சு. எந்த ஜெர்மனி மற்றவர்களுக்குக் கட்டுப்பாடு போதித்ததோ, அந்த ஜெர்மனி. 2003 நவம்பர் 25ஆம் நாள் ஐரோப்பிய நிதியமைச்சர்கள் கூடினார்கள். நடவடிக்கையை நிறுத்தி வைத்தார்கள். வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போயிற்று. 2005ஆம் ஆண்டு விதியையே தளர்த்திவிட்டார்கள். மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி என்பது நம் ஊர்ப் பழமொழி என்றல்லவா நினைத்திருந்தோம்! பிரான்சுக்கு மட்டும் ஏன் சலுகை என்று 2016ஆம் ஆண்டு ஐரோப்பிய ஆணையத் தலைவர் யுங்கரைக் கேட்டபோது, அது பிரான்சு என்பதால்தான் என்று அவர் பதில் சொன்னார். ஒளிக்காமல் சொன்னாரே, அந்த மட்டில் பாராட்டலாம்.

இப்போது கிரேக்கத்துக்கு வருவோம். இந்த எண்ணின் உண்மையான பலம் என்ன என்பதை உலகுக்குக் காட்டிய நாடு அதுதான்.

2009ஆம் ஆண்டின் முற்பகுதியிலே கிரேக்க சர்க்கார் அந்த ஆண்டுப் பற்றாக்குறை 3.7 என்று ஐரோப்பாவுக்குக் கணக்குத் தந்தது. அக்டோபர் 4ஆம் நாள் தேர்தல். ஆட்சி மாறிற்று. பாப்பாண்ட்ரூ பிரதமரானார். புதியவர்கள் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, 3.7 அல்ல ஐயா, 12க்கும் மேல் என்றார்கள். பிறகு மேலும் துருவிப் பார்த்து, 2010 நவம்பரிலே 15.4 என்று முடிவாயிற்று. ஒரே ஆண்டு, ஒரே நாடு, ஒரே செலவு! கணக்கு மட்டும் நான்கு மடங்காயிற்று. முன்பு ஆண்டவர்கள் செய்தது பெரும் பித்தலாட்டம். அதிலே நமக்கு இருவேறு கருத்து இல்லை. வரி ஏய்த்த கப்பல் முதலாளிகளும், கண்டும் காணாமல் இருந்த ஆட்சியாளரும் சேர்ந்து நாட்டை அந்த நிலைக்குக் கொண்டு வந்தார்கள்.

அந்தச் சரியான கணக்கைப் போட்டவர் என்ன ஆனார் என்பதையும் சொல்லியாக வேண்டும். கிரேக்கப் புள்ளியியல் துறைத் தலைவர் ஆண்ட்ரியாஸ் ஜியோர்ஜியூ. அவர் தந்த கணக்கை ஐரோப்பியப் புள்ளியியல் அலுவலகம் எந்த ஆட்சேபணையும் இன்றி ஏற்றது. ஆனால் அவருடைய நாட்டிலே அவர் மீது வழக்கு மேல் வழக்கு! 2017ஆம் ஆண்டு கடமை தவறினார் என்று இரண்டாண்டுத் தண்டனை, நிறுத்தி வைக்கப்பட்ட தண்டனை. அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2023இல் சொன்னது. பொய்க் கணக்குக் கொடுத்த காலத்து அரசியல்வாதிகளை விட்டுவிட்டு, கூட்டலைச் சரியாகப் போட்டவனைக் கூண்டிலே ஏற்றினார்கள்.

2010 மே மாதம் 11,000 கோடி யூரோ கடன் தருகிறோம் என்று வந்தார்கள். நிபந்தனை? செலவைக் குறை, குறை, மேலும் குறை! ஓய்வூதியத்தில் வெட்டு. ஊழியர் சம்பளத்தில் வெட்டு. 2012 பிப்ரவரியிலே குறைந்தபட்சக் கூலி நூற்றுக்கு 22 வெட்டப்பட்டது. மாதம் 751 யூரோ வாங்கியவன் 586 யூரோவுக்கு இறங்கினான். 25 வயதுக்குக் கீழ்ப்பட்ட இளைஞனுக்கு வெட்டு 32. 2013 ஜூன் 11ஆம் நாள் அரசு வானொலி தொலைக்காட்சி நிலையத்தையே ஒரே இரவிலே மூடினார்கள். அந்த ஆண்டு வேலையில்லாதோர் நூற்றுக்கு 27ஐத் தாண்டினார்கள். இளைஞரிலே பாதிக்கு மேற்பட்டோருக்கு வேலை இல்லை.

இத்தனையும் செய்து கடன் பளு குறைந்ததா? இங்கேதான் அந்தச் சதவிகிதத்தின் சூட்சுமம். சதவிகிதத்துக்கு மேலே ஓர் எண், கீழே ஓர் எண். மேலே இருப்பது கடன். கீழே இருப்பது நாட்டின் உற்பத்தி. சர்க்கார் செலவை வெட்டினால் மேலே உள்ளது குறையும் என்று பண்டிதர்கள் பார்த்தார்கள். ஆனால் சர்க்கார் தரும் சம்பளம்தானே கடைக்காரனின் வியாபாரம்? கடைக்காரனின் வியாபாரம்தானே ஆலையின் விற்பனை? சம்பளத்தை வெட்டினால் கடை மூடிற்று, கடை மூடினால் ஆலை மூடிற்று, ஆலை மூடினால் வரி வசூல் விழுந்தது. கீழே உள்ள எண் மேலே உள்ளதை விட வேகமாகச் சரிந்தது! கிரேக்கத்தின் உற்பத்தி ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு அழிந்தது. 2009இல் உற்பத்தியோடு ஒப்பிட்டால் நூற்றுக்கு 127 ஆக இருந்த கடன், 2012இல் கடன்காரர்கள் பெருந்தொகையைத் தள்ளுபடி செய்த பிறகும்கூட, 2014இல் ஏறத்தாழ 180 ஆயிற்று. எடை குறைப்பதற்காகப் பட்டினி கிடந்தவனின் சதை எல்லாம் கரைந்தது, தலையிலே சுமந்த மூட்டை மட்டும் அப்படியே இருந்தது.

இது நம் மேடைப் பேச்சு அல்ல. பன்னாட்டு நிதி நிறுவனத்தின் தலைமைப் பொருளாதார அறிஞர் ஒலிவியே பிளான்ஷார் என்பவரே 2013 ஜனவரியில் டேனியல் லீ என்பவரோடு சேர்ந்து எழுதிய ஆய்விலே ஒப்புக் கொண்டார். ஒரு யூரோ செலவை வெட்டினால் உற்பத்தி அரை யூரோ குறையும் என்ற நினைப்பிலே மதிப்பீடுகள் போடப்பட்டன, உண்மையிலோ 0.9 முதல் 1.7 யூரோ வரை குறைந்தது. ஆய்வு வெளிவந்தது, அறிஞர்கள் விவாதித்தார்கள். வெட்டப்பட்ட ஓய்வூதியம் திரும்பி வந்ததா?

2015 ஜூலை 5ஆம் நாள் கிரேக்க மக்களிடம் வாக்கெடுப்பு. மேலும் வெட்ட வேண்டும் என்ற நிபந்தனையை ஏற்கலாமா என்று கேட்டார்கள். நூற்றுக்கு 61 பேர் கூடாது என்றார்கள். எட்டு நாள் கழித்து ஏற்றுக் கொண்டார்கள்! ஏன்? கிரேக்கத்துக்குச் சொந்த நாணயம் இல்லை. யூரோ அச்சிடும் உரிமை ஏதென்சுக்கு இல்லை. வங்கிகளுக்குப் பணம் வரும் குழாயின் திருகு வேறு ஊரிலே இருந்தது. திருகை மூடினார்கள், வங்கிகள் மூடின, வாக்குச் சீட்டு செல்லாக் காசாயிற்று. 2018 ஆகஸ்ட் 20ஆம் நாள்தான் அந்த நாடு கடன்காரர்களின் திட்டத்திலிருந்து வெளியே வந்தது. 2024இல் கிரேக்கத்தின் கணக்கிலே உபரி. புகழ்கிறார்கள், புகழட்டும். அதே 2024இலும் விலைவாசி நீக்கிப் பார்த்தால் அதன் உற்பத்தி 2008இன் அளவை எட்டவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

சொந்த நாணயம் என்று சொன்னோமே, அதுதான் முக்கியம். ஜப்பானின் கடன் அதன் ஆண்டு உற்பத்தியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அந்த நாட்டைக் கூண்டிலே ஏற்ற எவரும் வரவில்லை. அது தன் சொந்த யென்னில் வாங்கிய கடன். ஸ்பெயினுக்கோ 2007இல் பற்றாக்குறையே இல்லை, உபரி! ஆனாலும் அடுத்த ஐந்தாண்டுக்குள் கையேந்த நேர்ந்தது. ஆகவே நூற்றுக்கு எத்தனை என்பது மட்டுமே ஒரு நாட்டின் தலைவிதியைத் தீர்மானிப்பதில்லை. யாருடைய நாணயம், திருகு யார் கையில் என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக் கொண்டு டில்லியையும் சென்னையையும் பாருங்கள். ரூபாய் நோட்டு அடிக்கும் உரிமை டில்லியின் கையிலே. சென்னைக்கு அது இல்லை; திருவனந்தபுரத்துக்கு இல்லை; கல்கத்தாவுக்கு இல்லை. 2017 ஜூலை 1ஆம் நாள் சரக்கு சேவை வரி வந்த பிறகு, பெரும்பாலான பொருள்களுக்குத் தன் விருப்பப்படி வரி விதிக்கும் உரிமையும் போயிற்று. அதாவது ஒவ்வொரு மாநிலமும் ஏறக்குறைய ஒரு கிரேக்கம்!

ஐரோப்பாவிலே பிறந்த அந்த மூன்று 2003ஆம் ஆண்டு இந்தியாவிலே சட்டமாயிற்று. நிதிப் பொறுப்புச் சட்டம் என்று பெயர். டில்லி தன் பற்றாக்குறையை 2008 மார்ச்சுக்குள் மூன்றுக்குக் கொண்டு வர வேண்டும் என்று ஏற்பாடு. கொண்டு வந்ததா? 2007-08இல் ஒரே ஒரு முறை, இரண்டரை அளவுக்கு வந்தது. அதிலும் ஒரு சங்கதி. பெட்ரோலியக் கம்பெனிகளுக்கு ரொக்கமாகத் தர வேண்டிய மானியத்தைக் கடன் பத்திரமாகத் தந்து கணக்கிற்கு வெளியே வைத்த காலம் அது. அந்த ஆண்டுகளில் தந்த பத்திரம் ஒரு இலட்சம் கோடிக்கும் மேல்! அடுத்த ஆண்டே பற்றாக்குறை ஆறுக்குப் போயிற்று. அதன்பிறகு 2025-26 பட்ஜெட் வரை டில்லி ஒருமுறைகூட மூன்றைத் தொட்டதில்லை. கெடுவை நீட்டிக் கொண்டார்கள், சட்டத்தைத் திருத்திக் கொண்டார்கள், 2021 மார்ச் என்றார்கள், பிறகு 2025-26க்குள் நாலரை என்றார்கள். 2025இல், இனிமேல் ஆண்டுப் பற்றாக்குறையை அல்ல, மொத்தக் கடனைத்தான் பார்ப்போம், 2031 மார்ச்சுக்குள் அதை ஐம்பது அளவுக்குக் கொண்டு வருவோம் என்று அளவுகோலையே மாற்றினார்கள். கட்சி மாறிற்று, ஆட்சி மாறிற்று, இந்த வழக்கம் மட்டும் மாறவில்லை.

சோற்றுக்குள் முழுப் பூசணிக்காயை மறைப்பது என்பார்கள். டில்லி சோற்றையே மறைத்தது! ரேஷன் அரிசிக்கான மானியத்தை இந்திய உணவுக் கழகத்துக்குக் கொடுக்காமல், சிறுசேமிப்பு நிதியிலிருந்து கடன் வாங்கிக் கொள் என்று கழகத்தை அனுப்பினார்கள். கழகம் வாங்கிய கடன், ஆகவே டில்லியின் பற்றாக்குறையிலே சேராது என்று கணக்கு. பல ஆண்டு இப்படி ஓடிற்று. 2021 பிப்ரவரி பட்ஜெட்டிலே, இனி நேராகக் கணக்கிலேயே காட்டுவோம் என்று அறிவித்தார்கள். நல்லது, வரவேற்போம்.

ஆனால் அதே டில்லி மாநிலங்களிடம் எப்படி நடந்து கொண்டது? 2022ஆம் ஆண்டு, மாநிலக் கழகங்களும் நிறுவனங்களும் வாங்கும் கடனை மாநிலத்தின் கடனாகவே கருதி, அந்த அளவுக்கு மாநிலத்தின் கடன் வரம்பைக் குறைப்போம் என்று கடிதம் எழுதிற்று. மாநிலங்களின் வரம்பு எவ்வளவு? அதே மூன்றுதான்! டில்லி மூன்றைத் தாண்டினால் நாடாளுமன்றத்திலே ஒரு விளக்க அறிக்கை. மாநிலம் தாண்ட நினைத்தால் அனுமதியே கிடையாது. அரசியல் சட்டத்தின் 293ஆம் பிரிவு, மத்திய சர்க்காருக்குப் பழைய கடன் பாக்கி வைத்திருக்கும் மாநிலம் புதுக் கடன் வாங்க அதன் சம்மதத்தைப் பெற வேண்டும் என்கிறது. பாக்கியை அடைத்துவிட்டால் சுதந்திரம் என்று நினைக்கிறீர்களா? 2020-21 முதல் மாநிலங்களுக்கு ஐம்பதாண்டு வட்டியில்லாக் கடன் தருகிறார்கள். வட்டி இல்லை, உண்மை; பணமும் பயன்படுகிறது, உண்மை. ஆனால் ஐம்பதாண்டுக் கடன் என்றால் ஐம்பதாண்டுக்குப் பாக்கி. பாக்கி உள்ள வரை சம்மதம் கேட்க வேண்டும்!

கொரோனாக் காலத்திலே, 2020 மே 17ஆம் நாள், மாநிலங்கள் ஐந்து சதவிகிதம் வரை கடன் வாங்கலாம் என்றார்கள். தாராளம் என்று கைதட்டினார்கள். ஆனால் கூடுதலான இரண்டில் அரை மட்டுமே நிபந்தனை இல்லாதது. மீதி ஒன்றரைக்கும் நிபந்தனை. ரேஷன் அட்டையை இப்படி மாற்று, மின் வாரியத்தை இப்படிச் சீர்திருத்து, நகராட்சி வரியை இப்படி உயர்த்து! கடன் வாங்குவது மாநிலம், வட்டி கட்டுவது மாநிலம், திருப்பித் தருவது மாநிலம். உத்தரவு மட்டும் டில்லி! ஏதென்சுக்கு வந்தவர்களாவது தங்கள் பணத்தைக் கொண்டு வந்து வைத்துவிட்டு நிபந்தனை போட்டார்கள்.

வரவுப் பக்கத்தையும் பாருங்கள். பற்றாக்குறை என்றதும் செலவைக் குறை என்பதுதான் நினைவுக்கு வருகிறது. வரவைக் கைவிட்டது யார் என்று கேட்பாரில்லை. 2019 செப்டம்பர் 20ஆம் நாள் கம்பெனி வரியை முப்பதிலிருந்து இருபத்திரண்டாகக் குறைத்தார்கள். ஆண்டுக்கு 1,45,000 கோடி வரவு போகும் என்று சர்க்காரே சொன்னது. அந்த வரி மாநிலங்களோடு பங்கிடப்படும் வரி; ஆகவே மாநிலங்களின் பங்கும் சேர்ந்து போயிற்று. மறுபுறம் ஏழை ஓட்டும் இருசக்கர வண்டிக்கான பெட்ரோல்! 2021 பிப்ரவரி நிலவரப்படி லிட்டருக்கு மத்திய வரி 32 ரூபாய் 90 காசு. அதிலே மாநிலங்களோடு பங்கிட வேண்டிய அடிப்படை வரி எவ்வளவு தெரியுமா? ஒரு ரூபாய் 40 காசு! மற்றதெல்லாம் செஸ் என்றும், சர்சார்ஜ் என்றும், கூடுதல் வரி என்றும் பெயர் சூட்டி டில்லி தனக்கே வைத்துக் கொண்டது.

நம் வீட்டுக் கணக்கையும் மூடி வைக்கக் கூடாது. 2021 ஆகஸ்ட் 9ஆம் நாள் தமிழக நிதியமைச்சர் வெளியிட்ட வெள்ளை அறிக்கை மாநிலத்தின் கடன் 5.70 இலட்சம் கோடி என்றது. குடும்பம் ஒன்றுக்கு இரண்டரை இலட்சத்துக்கு மேல். அன்றாடச் செலவுக்கே கடன் வாங்கும் நிலை நெடுங்காலம் நீடிக்க முடியாது என்பதைத் தோழர்கள் உணர வேண்டும். வட்டிக்குப் போகும் ஒவ்வொரு ரூபாயும் பள்ளிக்குப் போகாத ரூபாய். எவர் ஆண்டாலும் இது பொருந்தும்.

ஆனால் அன்றாடச் செலவு என்றால் என்ன? இங்கேயும் கணக்குப் புத்தகத்தின் சாமர்த்தியம் இருக்கிறது. சாலை போட்டால் அது மூலதனச் செலவு, நல்ல செலவு. பள்ளிக்கூடக் கட்டிடம் எழுப்பினால் மூலதனச் செலவு. அந்தக் கட்டிடத்திலே பாடம் சொல்லும் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுத்தால் வருவாய்ச் செலவு, குறைக்க வேண்டிய செலவு! மருத்துவமனைச் சுவர் சொத்து. அங்கே இரவு முழுதும் விழித்திருக்கும் செவிலி பளு. பகல் உணவு கொடுத்துக் குழந்தையைப் பள்ளிக்கு வரவழைக்கும் திட்டம் இந்தக் கணக்கின்படி வெறும் செலவு. 1956இல் காமராசர் ஆட்சி அதைத் தொடங்கியபோதும், 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சி விரிவாக்கியபோதும், மூன்று என்ற அளவுகோலைப் பிடித்துக் கொண்டு ஒருவர் குறுக்கே நின்றிருந்தால்? அந்தச் சோற்றை உண்டு எழுத்துப் படித்தவர்கள் இன்று ஆலைகளிலும் அலுவலகங்களிலும் உழைத்து, பங்கின் கீழே உள்ள அந்த உற்பத்தி எண்ணைப் பெருக்கிக் கொண்டிருக்கிறார்களே, அது எந்தப் பத்தியிலே வரவு வைக்கப்படுகிறது?

ஜெர்மனிக்குத் தேவை வந்தபோது என்ன செய்தார்கள் என்று பாருங்கள். 2009ஆம் ஆண்டு தன் அரசியல் சட்டத்திலேயே கடனுக்குத் தடை எழுதி வைத்து, உலகுக்கே பாடம் நடத்திய நாடு அது. 2025 மார்ச்சிலே அந்தத் தடையைத் தளர்த்தி, இராணுவத்துக்கு வழிவிட்டு, பாலத்துக்கும் பாதைக்கும் 50,000 கோடி யூரோ நிதி ஒன்றையும் ஏற்படுத்திக் கொண்டது. தேவை என்று அவர்கள் கருதினார்கள், மாற்றிக் கொண்டார்கள். எது தேவை என்று தீர்மானிக்கும் உரிமை அவர்கள் கையிலே இருந்தது.

நமக்கு? 2023 டிசம்பரிலே கேரள அரசு உச்ச நீதிமன்றத்தின் படியேறிற்று. எங்கள் கடன் வரம்பை வெட்ட டில்லிக்கு அதிகாரம் இல்லை என்று வழக்கு. 2024 ஏப்ரல் 1ஆம் நாள் நீதிபதிகள் இடைக்கால நிவாரணம் மறுத்தார்கள். ஆனால் வழக்கை அரசியல் சட்ட அமர்வுக்கு அனுப்பினார்கள். கடன் வாங்குவது மாநிலத்தின் உரிமைதானா, ஆம் எனில் டில்லி எந்த அளவுக்கு அதைக் கட்டுப்படுத்தலாம், மாநில நிறுவனங்களின் கடனையும் 293ஆம் பிரிவின் கீழ் கொண்டு வரலாமா என்றெல்லாம் கேள்விகள் எழுதினார்கள். அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்து எழுபத்து நான்கு ஆண்டு ஆகியும், அந்தப் பிரிவுக்கு அதிகாரபூர்வமான விளக்கம் இதுவரை தரப்படவே இல்லை என்பதையும் அவர்களே அந்த உத்தரவில் பதிந்தார்கள்.